காலெலும்பு வலிக்கு லேசர் வைக்கலாமா? போலீஸ் ஓட்டத்துக்கு ரெண்டரை மாசம்தான் இருக்கு

கண்மாய்க்கரை22 (உசிலம்பட்டி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 22. ரெண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வு எழுதிட்டு இப்ப உடல்தகுதிக்கு ஓடிக்கிட்டு இருக்கேன். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். கடைசியா நேரம் பார்த்தப்ப 7 நிமிஷம் 20 வினாடி.

ஆரம்பத்துல எங்க ஊர்க் கண்மாய்க் கரையில தினம் 3 கிலோமீட்டர் ஓடினேன். ரெண்டு வாரம் ஒண்ணும் தெரியல. அப்புறம் மழை பெஞ்சு கரை சொதசொதன்னு ஆயிருச்சு, தார் ரோட்டுக்கு வந்துட்டோம். கூட ஓடுற பசங்க 8 கிலோமீட்டர் போவாங்க, நானும் சேர்ந்துக்கிட்டேன். மூணாவது வாரக் கடைசியில வலி ஆரம்பிச்சுது. ரெண்டு கால்லயும் இருக்கு, வலது கால்ல கூட. கரண்டைக்கு மேல நாலு விரக்கடை தள்ளி, காலோட உள்பக்கம், எலும்பு ஓரமா மேல ஏறுது. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் மறைஞ்சிரும், ஓடி முடிச்சதும் திரும்ப வந்துரும். காலையில கட்டில்ல இருந்து கால ஊன்றப்ப சுருக்குன்னு இருக்கு.

அம்மா தைலம் தேய்ச்சு ஒத்தடம் கொடுத்தாங்க. பக்கத்து ஊர்ல ஒருத்தர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் கலந்து பத்துப் போட்டு ஒரு வாரம் கட்டிவிட்டார். கட்டு இருந்தப்ப ஓடல, வலி இல்ல. அவுத்துட்டு ஓடின மறுநாளே வந்துருச்சு.

போன வாரம் மதுரையில ஒரு தெரபி சென்டருக்குப் போனேன். ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்னு சொன்னாங்க, ஓடுறவங்களுக்கு முழங்காலுக்குக் கீழ எலும்போரமா வர்ற வலியாம். லேசர் 10 சிட்டிங், ஒரு சிட்டிங் 450, பத்தாவது நாள் ஓடலாம்னு சொன்னாங்க. ஒரு சிட்டிங் வச்சுக்கிட்டேன். பேனா மாதிரி ஒண்ணை எலும்பு மேல வச்சு ஒவ்வொரு இடமா நகர்த்தினாங்க. சுடவும் இல்ல, குறுகுறுப்பும் இல்ல. நண்பன் ஒருத்தன் ஆன்லைன்ல சிவப்பு லைட் பெல்ட் 3,200 ரூபாய்க்குக் கிடைக்குது, வாங்கினா வீட்டுலயே வச்சுக்கலாங்கிறான்.

அப்பா கொத்தனார். 4,500 ரூபா அவருக்கு அஞ்சாறு நாள் கூலி. கேட்டா கொடுத்துருவார், அதனாலதான் கேட்கத் தயக்கமா இருக்கு. இந்த வெளிச்சம் உண்மையிலேயே எலும்பைச் சரி பண்ணுமா? வச்சுக்கிட்டு ஓடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தெப்பக்குளம்_காலைநடை

தம்பி, எனக்கு 51 வயசு. தெப்பக்குளத்தைச் சுத்தி தினம் நடக்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால குதிங்கால் வலிக்கு லேசர் 8 நாள் வச்சேன். நாலாவது நாளே நல்லாத் தெரிஞ்சுது. பக்க விளைவு எதுவும் இல்ல. ஆரம்பிச்சதைப் பாதியில விடாம முடிச்சுருங்கன்னுதான் நான் சொல்வேன். செருப்பையும் மாத்தினேன், அதையும் சொல்லிடணும்.

செல்லம்பட்டி_பண்ணை

எங்க பண்ணையில கோழிக்குஞ்சுக்குக் கதகதப்புக்குப் போடுற சிவப்பு பல்பு இருக்கு, 250 வாட். பிசியோ சென்டர்லயும் அதே மாதிரி பல்பைத்தான் இடுப்பு வலிக்குக் காட்டுறாங்க, நானே பார்த்திருக்கேன். அதைக் கால்ல காட்டலாமா? காட்டலாம்னா தம்பி எங்க பண்ணைக்கே வரலாம், காசு ஒண்ணும் வேண்டாம்.

திருநகர்_பிசியோ

தம்பி, நான் பிசியோதெரபிஸ்ட். திருநகர்ல 14 வருஷமா சின்னதா ஒரு கிளினிக் நடத்துறேன். என்கிட்டயும் லேசர் மெஷின் இருக்கு, கடன் போட்டு வாங்கினது, தினமும் ஓடுது. அதை வச்சுக்கிட்டுத்தான் இதை எழுதுறேன்.

பணத்தைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல எலும்பை அமுக்கிப் பாருங்க. உட்கார்ந்து வலது காலைத் தூக்கி இடது தொடை மேல வைங்க. காலோட உள்பக்கம் எலும்பு விளிம்பு கைக்குத் தட்டுப்படும். கரண்டையிலிருந்து மேல வரைக்கும் கட்டைவிரலால ஒரு இடம் விடாம அமுக்கிக்கிட்டே போங்க. வலி நாலு விரக்கடைக்குக் குறையாம, ஒரு கோடு மாதிரி நீளமா இருந்தா ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்ங்கிறது அநேகமா சரி. அப்படி இல்லாம ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்துல மட்டும் தொட்டதும் துள்ள வச்சா அது வேற கதை, எலும்புல மயிரிழை விரிசல் இருக்கலாம். ஒத்தக் கால்ல குதிச்சா அதே இடத்துல குத்துறது, ராத்திரி படுத்திருக்கும்போது விண்விண்ணுன்னு தெறிக்கிறது, இதெல்லாமும் விரிசல் பக்கம்தான் கை காட்டும். எலும்போட முன்பக்க முகட்டுல அப்படி ஒரு புள்ளி இருந்தா இன்னும் மோசம், அந்த இடத்து விரிசல் லேசுல ஆறாது.

விரிசல்னு சந்தேகம் வந்தா பெரியாஸ்பத்திரி எலும்புப் பிரிவு ஓபிக்குப் போங்க. எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னு வந்தாலும் நிம்மதியாயிடாதீங்க, முதல் ரெண்டு மூணு வாரத்துல விரிசல் எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐல தெரியும்.

இன்னொரு நோவும் உண்டு. ஓடும்போது ஆடுசதை கல்லு மாதிரி இறுகி, பாதம் மரத்துப் போய், நின்ன கொஞ்ச நேரத்துல சரியாயிடும். உங்களுக்கு அப்படி இருக்கிற மாதிரி நீங்க எழுதல.

இப்ப ஏன் வந்துச்சுன்னு பார்ப்போம். உங்கப்பா கொத்தனார்னு எழுதியிருந்தீங்க, அவர்கிட்டயே கேளுங்க. பழைய சுவர்ல பூச்சு சரியில்லைன்னா நேரா மேல பூசிடுவாரா? முதல்ல கொத்தி எடுப்பார், அப்புறம்தான் புதுசா பூசுவார். கொத்தி எடுத்ததுக்கும் புதுப் பூச்சு காயறதுக்கும் நடுவுல சுவர் முன்னைவிடப் பலம் குறைஞ்சுதான் நிக்கும். எலும்பும் அப்படித்தான். புதுசா பளு ஏறினதும் உடம்பு அந்த இடத்துல பழைய எலும்பைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசை வைக்கும். சுரண்டுறது சீக்கிரம் நடந்துரும், வைக்கிறதுக்கு மாசக்கணக்காகும். ஓட ஆரம்பிச்ச மூணாவது நாலாவது வாரம்தான் எலும்பு இளகி நிக்கிற நேரம். ராணுவப் பயிற்சியில புதுசா சேர்றவங்களுக்கும் இந்த வலி அதிகமா வர்றது முதல் சில வாரங்கள்லதான். நீங்க சரியா அந்த வாரத்துல மண்ணுலயிருந்து தாருக்கு மாறி, 3 கிலோமீட்டரை 8 ஆக்கியிருக்கீங்க. ஈரப் பூச்சு மேல சாரம் கட்டின மாதிரி.

லேசருக்கு வர்றேன். 1967ல ஹங்கேரியில, புடாபெஸ்ட்ல, எண்ட்ரே மெஸ்டர்னு ஒரு டாக்டர் எலிகளோட முதுகு மயிரை மழிச்சுட்டு ரூபி லேசர் காட்டிப் பார்த்தார். லேசர் பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைச்சுது. அங்கிருந்துதான் இந்த வைத்தியம் கிளம்புது. சூடு வைக்கிறது இதோட வேலை இல்ல, அதனாலதான் உங்களுக்கு ஒண்ணும் தெரியல. அதை வச்சு மெஷின் வேலை செய்யலைன்னு நினைச்சுடாதீங்க. வெளிச்சத்தோட அலைநீளத்தை நானோமீட்டர்ல சொல்வாங்க. 600லேர்ந்து 700 நானோமீட்டர் வரைக்கும் சிவப்பு, 780லேர்ந்து 1100 வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, இந்த ரெண்டு வரிசையிலதான் வெளிச்சம் வரும். செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியால சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது இந்த வெளிச்சத்தை உறிஞ்சும். அதனால செல்லுக்கு வேண்டிய சக்தி கூடுது, நைட்ரிக் ஆக்சைடு வெளியாகி ரத்த ஓட்டமும் கூடுதுங்கிறதுதான் இப்ப பரவலா சொல்ற விளக்கம். வீக்கத்தையும் வலியையும் அது தணிக்கிறதுக்கு வேற சில நோவுகள்ல ஆதாரம் உண்டு.

அளவுதான் இதுல உயிர். 100 மில்லிவாட் லேசரை ஒரு புள்ளியில 40 வினாடி வச்சா 4 ஜூல் சக்தி உள்ள போகும். குறைஞ்சா பலன் இல்ல, கூடினாலும் பலன் இல்ல, ரொம்பக் கூடினா ஆறவேண்டியதே மட்டுப்படும். ரெண்டு மடங்கு நேரம் வச்சா ரெண்டு மடங்கு குணம்னு யாராவது சொன்னா அவங்களுக்கு மெஷினைத் தெரியாதுன்னு அர்த்தம். நம்ம கருத்த தோல் வெளிச்சத்தைக் கூடவே உறிஞ்சும். அதனால ஆளைப் பார்த்துத்தான் அளவு வைக்கணும். லேசர் வைக்கும்போது அதுக்கான பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கணும், லேசரை நேராப் பார்க்கவே கூடாது. போன வாரம் உங்களுக்குக் கண்ணாடி கொடுத்தாங்களா?

சரி, ஷின் ஸ்ப்ளின்ட்ஸுக்கு? டென்மார்க்ல ராணுவத்துக்குக் கட்டாயச் சேவைக்கு வந்த 49 பேரை வச்சுப் பார்த்த ஒரு ஆய்வு 1994ல வெளியாச்சு. பாதிப் பேருக்கு நிஜ லேசர், மீதிப் பேருக்கு வெளிச்சம் வராத போலி. ரெண்டு பக்கமும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரல. சின்ன ஆய்வு, பழைய காலத்து 40 மில்லிவாட் மெஷின், அதனால அத்தோட கதை முடிஞ்சதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா பத்து நாள்ல ஓட வச்சிருவேன்னு ஒருத்தர் வாக்குக் கொடுக்கிறதுக்கு இதுல இடமே இல்ல.

என் கிளினிக்ல லேசர் வச்சதும் வலி குறைஞ்சுதுன்னு சொன்ன பசங்க நிறைய உண்டு. ஆனா அவங்களை நான் ஓட்டத்தையும் குறைக்கச் சொல்லியிருந்தேன், பயிற்சியும் கொடுத்திருந்தேன். எதனால குறைஞ்சுதுன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது. அதனால இப்பல்லாம் இந்த வலிக்கு லேசரை மட்டும் வச்சு நான் யாரையும் அனுப்புறதில்ல.

பண்ணை அண்ணனுக்கு: அந்த பல்பு வேற, லேசர் வேற. பல்பு கொடுக்கிறது சூடு. இறுகின சதைக்கு அது இதம். ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்ல ஓடி முடிச்சதும் ஐஸ் ஒத்தடம்தான் சுகம் கொடுக்கும். 250 வாட் பல்பைக் கிட்ட வச்சுத் தூங்கிட்டா தோல் வெந்துரும். உங்க மனசுக்கு நன்றிண்ணே, பல்பு மட்டும் குஞ்சுக்கே இருக்கட்டும்.

பெல்ட்டைப் பத்தி: அதுல எத்தனை நானோமீட்டர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட்னு எழுதியிருக்கான்னு பாருங்க. ரெண்டும் இல்லைன்னா உங்களுக்கு எவ்வளவு போகுதுன்னு யாராலயும் கணக்குப் போட முடியாது. வாங்காதீங்க.

மேலூர்_பொண்ணு

பிசியோ அக்கா சொன்னதுல ஒண்ணை நான் அழுத்திச் சொல்லணும். நானும் காவலர் தேர்வுக்கு ஓடினவதான். பெண்களுக்கு 400 மீட்டர் மட்டும்தான், 2 நிமிஷம் 30 வினாடி. ஆனா நான் தினம் 6 கிலோமீட்டர் நாலுவழிச் சாலை ஓரத்துல ஓடுவேன். வெயிட் குறைஞ்சா நல்லா ஓடலாம்னு ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டேன்.

இடது கால்ல வலி வந்துச்சு. ஒரு இடத்துல லேசர் வச்சாங்க. ஆறாவது சிட்டிங்ல வலி பாதியாக் குறைஞ்சுது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்னிக்குச் சாயங்காலமே ஓடினேன். கூடவே வலி மாத்திரையும் போட்டேன். நாலு நாள் கழிச்சு ஓடிக்கிட்டு இருக்கும்போதே கால் ஊன்ற முடியாமப் போச்சு. எம்ஆர்ஐல எலும்பு விரிசல். அந்த வருஷத் தேர்வு போயிருச்சு. அதுவரைக்கும் யாருமே என் எலும்பை ஒரு தடவைகூட அமுக்கிப் பார்க்கல.

பெரியாஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மாதான் கேட்டாங்க, மாதவிலக்கு ஒழுங்கா வருதான்னு. நாலு மாசமா வரல. ஓடுறதால நின்னிருக்கும்னு நானா நினைச்சு யார்கிட்டயும் சொல்லல. சாப்பாடு பத்தாம ஓடினா மாதவிலக்கு நிக்கும், எலும்பும் இளைக்கும்னு சொன்னாங்க. ஓடுற தங்கச்சிங்க யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு இதை மறைக்காதீங்க. வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

வலி போச்சுன்னா எலும்பு ஆறிருச்சுன்னு இல்ல. அது தெரியாமத்தான் ஒரு வருஷம் போச்சு எனக்கு.

கண்மாய்க்கரை22

அக்காமார் ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பெஞ்சுல உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தேன். வலது கால்ல கரண்டைக்கு மேல மூணு விரக்கடையில ஆரம்பிச்சு ஒரு சாண் நீளத்துக்கு வலிக்குது, எல்லா இடமும் ஒரே மாதிரி. இடது கால்ல அதுல பாதி. காசு மாதிரி புள்ளி எதுவும் இல்ல. ஒத்தக் கால்ல பத்துத் தடவை குதிச்சேன், லேசான வலிதான். ராத்திரி வலி இல்ல. கண்ணாடி கொடுக்கலக்கா.

மேலூர் அக்கா எழுதினதைப் படிச்சதும் பயமாயிருச்சு. நானும் ரெண்டு நாள் மாத்திரை போட்டுட்டு ஓடினேன், அதை முதல்ல எழுதாம விட்டுட்டேன். பசங்க ஓடும்போது நான் மட்டும் வீட்டுல படுத்திருந்தா மூச்சுப் பழக்கம் போயிரும்னு பயமா இருக்கு. என்ன செய்யட்டும்?

திருநகர்_பிசியோ

மாத்திரையைச் சொன்னது நல்லது. ஓடுறதுக்கு முன்னால இனி ஒண்ணுகூட வேண்டாம். வலிதான் உங்களுக்கு இருக்கிற ஒரே அளவுகோல்.

நீங்க சொல்றதைப் பார்த்தா விரிசல் மாதிரி தெரியல. ஆனாலும் எழுத்துல பார்த்து நான் முடிவு சொல்லக்கூடாது. ஒரு தடவை ஓபியில காட்டிட்டு வந்துருங்க, பஸ் காசோட முடிஞ்சுரும்.

மூச்சுப் பழக்கத்துக்கு உங்க ஊர்ல கிணறு இருக்குமே? நீச்சல் தெரியும்னா ரெண்டு வாரம் ஓட்டத்துக்குப் பதிலா தினம் அரைமணி நேரம் நீந்துங்க. கால் எலும்புக்குப் பளுவே கிடையாது, நெஞ்சுக்கு ஓட்டத்துக்குச் சமமா வேலை. தனியாப் போகாதீங்க, யாராவது மேல நிக்கட்டும். மேலயிருந்து குதிக்காம படியில இறங்குங்க. கிணறு இல்லைன்னா சைக்கிள்.

கூடவே ஆடுசதைக்குப் பயிற்சி. ஓடும்போது எலும்பு வளையாமப் பார்த்துக்கிறது சதைதான், அது சோர்ந்தா பளு எலும்புக்குப் போகுது. படிக்கட்டு விளிம்புல முன்பாதத்தை ஊன்றி குதிங்காலைத் தூக்கி இறக்கணும். முழங்காலை நீட்டி 15 தடவை, கொஞ்சம் மடக்கி 15 தடவை. மடக்கிச் செய்றதை விட்டுராதீங்க, ஆடுசதைக்கு அடியில சோலியஸ்னு ஒரு சதை இருக்கு, அதுக்கு வேலை அப்பத்தான். மெதுவா இறக்கணும். நாளைக்கு மூணு சுற்று. ரெண்டு கால்ல சுலபமா வந்ததும் ஒத்தக் கால்ல. இடுப்புப் பக்கச் சதைக்கும் ஏதாவது செய்யணும், பக்கவாட்டுல படுத்து மேல் காலைத் தூக்கி இறக்கினாப் போதும்.

நடக்கும்போது வலி இல்லாம ஒரு வாரம் போச்சுன்னா மண் தரையில ஆரம்பிங்க. 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, எட்டுத் தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். ஓடும்போது லேசா தெரிஞ்சா பரவாயில்ல, மறுநாள் காலையில கட்டில்லேர்ந்து இறங்கும்போது கூடியிருந்தா முந்தின அளவுக்குத் திரும்பிரணும். அடியைக் கொஞ்சம் கிட்டக்கிட்ட வைங்க, எட்டிப் போட்டு குதிங்கால் டொக்குன்னு விழுற மாதிரி ஓடாதீங்க. தார் ரோட்டுக்குப் போக வேண்டி வந்தா எப்பவும் ஒரே ஓரமா ஓடாதீங்க, ரோடு ஓரத்துக்குச் சரிஞ்சுதான் இருக்கும். ஷூ எத்தனை மாசமாச்சு? அடி தேஞ்சு ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா லேசருக்கு வச்சிருக்கிற காசை அதுல போடுங்க.

1500 மீட்டர் 7 நிமிஷம்னா 400 மீட்டர் ஒரு ரவுண்டு 1 நிமிஷம் 52 வினாடி. உங்களுக்குக் குறைய வேண்டியது 20 வினாடி. அதுக்குத் தினம் 8 கிலோமீட்டர் தேவையே இல்ல. வாரத்துல ரெண்டு நாள் 400 மீட்டரை 1:50ல ஓடி, நடந்து இளைப்பாறி, திரும்ப ஓடிப் பழகினாப் போதும். அதுவும் நாலாவது வாரத்துக்கு அப்புறம்.

சாப்பாடும் வேணும். கேழ்வரகு 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. கூழோ களியோ, வீட்டுல வழக்கம் எதுவோ அது. முருங்கைக்கீரை உங்க ஊர்ல காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்காது.

இவ்வளவையும் செஞ்சுக்கிட்டு, கையில காசும் இருந்து, ஓட்டத்தைக் குறைச்ச காலத்துல வலிக்கு லேசர் வச்சா நான் தடுக்கமாட்டேன். உங்க நிலைமையில மீதி ஒன்பது சிட்டிங் வேண்டாம். அப்பாகிட்ட அந்தப் பணத்தைக் கேட்காதீங்க.

தெப்பக்குளம்_காலைநடை

மேலூர்ப் பிள்ளை எழுதினதைப் படிச்சப்புறம் நான் முதல்ல சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் தம்பி. பிசியோம்மா சொல்றபடி செய்ங்க. எனக்கும் செருப்புதான் சரி பண்ணியிருக்கும்போல.

கண்மாய்க்கரை22 (ஏழு வாரம் கழிச்சு)

அக்கா, ஓபியில பார்த்து விரிசல் இல்லைன்னு சொல்லிட்டாங்க. 17 நாள் கிணத்துல நீந்தினேன், அப்பா வேலைக்குப் போறதுக்கு முன்னால வந்து மேல உட்கார்ந்திருப்பார். ஷூ 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய ஷூவைத் திருப்பிப் பார்த்தப்ப உள்பக்கம் வழவழன்னு இருந்துச்சு. ஒத்தக் கால்ல 15 தடவை தூக்குறது முதல்ல ஆறுக்கு மேல வரல, இப்ப 20 வருது.

நேத்து ஸ்கூல் மைதானத்துல பி.டி. சார் விசில் வச்சு நேரம் எடுத்தார். 6 நிமிஷம் 48 வினாடி. இன்னிக்குக் காலையில இறங்கும்போது வலது கால்ல லேசா தெரிஞ்சுது, பத்து அடி நடந்ததும் போயிருச்சு. தேர்வுக்கு இன்னும் மூணு வாரம். நாளைக்கு ஓடலாமா?

திருநகர்_பிசியோ

ரொம்ப சந்தோஷம் தம்பி. நாளைக்கும் நாளன்னைக்கும் ஓட வேண்டாம், கிணறு மட்டும். மூணாவது நாள் காலையில திரும்ப கட்டைவிரலால அமுக்கிப் பார்த்துட்டு எத்தனை விரக்கடைன்னு இங்க எழுதுங்க.